வாஷர் இல்லாத குழாய்

நூலக்காவிடம் ஒரு நட்டைக் காட்டினால் போதும். கையில் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டாள். ஏணியின் மேல் நின்றபடியே கழுத்தைத் திருப்பி, "நாலு நூல்" என்பாள். நாலு நூல் என்றால் அரை அங்குலம், ஆறு நூல் என்றால் முக்கால். அவளைச் சோதிப்பதற்கென்றே குழாய் வேலைக்காரர்கள் கண்ட கண்ட பழைய சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், ஆளுக்கொரு டீ பந்தயம் கட்டுவார்கள், தோற்றுவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். அப்படி வந்த பெயர்தான் நூலக்கா. நிஜப் பெயர் அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அவளுக்கே எப்போதாவது ஞாபகம் வரும்.

ஹார்டுவேர் கடை அது. முன்னால் ஒரு நீள மேஜை, மேஜையின் மேல் தராசு, அதற்குப் பின்னால் அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் கூரையைத் தொடும் மரத்தட்டுகளில் ஆணி, கயிறு, தாழ்ப்பாள், வால்வு, விதவிதமான குழாய். அப்பா காலத்திலிருந்து கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் எதைக் கேட்டு வந்தாலும் முதல் கேள்வி, "பழசைக் கொண்டு வந்தீங்களா?" கழற்றின பழைய சாமானைக் கண்ணால் பார்க்காமல் புதுசு எடுத்துக் கொடுக்கக் கூடாது. தப்பான சாமானை விற்பது திருட்டுக்குச் சமம் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இந்த விஷயத்தில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். ஒரு முறை கீல் கேட்டு வந்தவரை அவர் திருப்பி அனுப்ப, அந்த மனுஷன் கடுப்பில் கதவையே கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்து மேஜை மேல் சாத்தினார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "ஆங், இப்போ சரி" என்று சொல்லி அளவெடுத்தார்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடைக்குள் வந்தவள் நூலக்கா. கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் ஒரு பேச்சு, கடையை இடம் மாற்றிய வருஷம் ஒரு பேச்சு, அண்ணிக்குப் பிரசவ நேரத்தில் இன்னொன்று. எல்லாவற்றையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுப் போட்டு, கடைசியில் தள்ளிப் போடுவதற்கும் ஒன்றும் வராமல் நின்று போனது. அதற்காக அவள் ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அழுவதற்கு மூலை எங்கே இருக்கிறது? எல்லா மூலையிலும் பைப்பைச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் உள்ளுக்குள் உறுத்தும். அந்தப் படியேறி வருகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாமானுக்காக வருகிறார்கள். சாமான் கையில் கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் அவளைப் பார்க்க என்று அந்த வாசலில் ஒருத்தரும் கால் வைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில், கடை வாசலில் ஒரு சின்னக் கார் மூன்று முறை குதித்துவிட்டு நின்றது. தலையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை. ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வெளிறிப் போன முகத்தோடு ஒரு வங்கி ஊழியர். பக்கத்துச் சீட்டிலிருந்து அலட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்தவர்தான் டிரைவிங் மாஸ்டர். நரைத்த மீசை, அயர்ன் செய்த சட்டை, பையில் விசில். அந்த விசில் எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"ஏங்க, வீட்டுக்கு வெளியில ஒரு குழாய் இருக்கு. எவ்வளவு இறுக்கினாலும் சொட்டிக்கிட்டே இருக்கு" என்றார்.

ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பல் போன கொத்தனார்கூட அக்கா என்பார். இந்த மனுஷன் 'ஏங்க' என்றார். நூலக்காவுக்குக் காதில் ஏதோ புதுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. ஏணியை விட்டு இறங்கினாள்.

"எப்படித் திறக்கும் அந்தக் குழாய்? நாலஞ்சு சுத்து திருகணுமா?"

"இல்லங்க, லேசாக் கால் வட்டம் திருப்பினாப் போதும், மொத்தமும் கொட்டிரும். எங்கிட்ட முதல் நாள் வர்றவங்க கிளட்சை விடுவாங்களே, அந்த மாதிரி."

கால் வட்டம் திருப்பினால் திறக்கிற குழாயில் வாஷரே கிடையாது. உள்ளே இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசி நின்று தண்ணீரை அடைக்கும். தட்டு தேய்ந்தால் அது உட்கார்ந்திருக்கிற ஸ்பிண்டிலையே மொத்தமாக மாற்ற வேண்டும். மாற்றினால் வேலை முடிந்தது. அப்புறம் பல வருஷத்துக்குக் கடைப் பக்கமே வர வேண்டாம். இது நூலக்காவுக்குத் தன் சொந்தப் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

ஸ்பிண்டில் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "எங்கக்கா அந்தச் சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் தப்பாம என்னைத் திட்டுறாங்க. சொட்டுக்கு ஒரு வசவு" என்றார். நூலக்கா சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. கையிலிருந்த ஆணி டப்பா சரிந்து மேஜையெல்லாம் ஆணி. அண்ணன் திரும்பிப் பார்த்தார். மாஸ்டரும் சிரித்தார். இரண்டு பேரும் ஆணி பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்தபோது அவள் வாயிலிருந்து அதுவாக வந்து விழுந்தது.

"வாஷர் தேஞ்சிருக்கும். இதை மாத்திப் பாருங்க. நிக்கலேன்னா அடுத்த வாரம் வாங்க."

கார் குதித்துக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாஷர் இல்லாத குழாய்க்கு வாஷர் விற்றிருக்கிறாள். அதோடு, பழசைக் கொண்டு வந்தீங்களா என்று கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கார் வந்தது. "போட்டேங்க. ஆனா நிக்கல" என்றார் மாஸ்டர், ஏதோ அவர் தப்பு மாதிரி. "அப்போ இது கொஞ்சம் தடிமன், இதைப் போட்டுப் பாருங்க" என்றாள். அதற்கடுத்த வாரம் சிவப்பு ரப்பர். அப்புறம் கறுப்பு, மெத்தென்று ஒன்று, கெட்டியாக ஒன்று. கடையில் இருந்த வாஷர் ரகம் எல்லாம் தீர்ந்து, மொத்த வியாபாரியிடம் சொல்லிப் புது ரகங்கள் வரவழைத்தாள். ஒவ்வொரு வாரமும், "போட்டேங்க, நிக்கல." ஒவ்வொரு வாரமும் அவளுக்குத் தலைகால் புரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரியே தலைக்கு ஊற்றிக்கொள்வாள். சனிக்கிழமை காலை அண்ணி காபியை நீட்டினால் வெறும் டம்ளரை வாங்கி உறிஞ்சுவாள். இரண்டு கிலோ ஆணி கேட்டவருக்கு மூன்று கிலோ நிறுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கேஷ் மெமோவில் சாமான் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'ஏங்க' என்று எழுதிவிட்டு, அவசர அவசரமாகக் கிழித்து வாயில் போட்டு மென்றாள். நாற்பதைத் தாண்டியவள் செய்கிற காரியமா இது? ஆனாலும் செய்தாள், ருசித்தும் செய்தாள்.

ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட அத்தனை பேரும் அந்த நாட்களில் ஹார்டுவேர் கடை வாசலில்தான் நிறுத்திப் பழகினார்கள். வாரம் ஒரு ஆள், வாரம் ஒரு குதி. ஒரு டீச்சரம்மா எதிர்த்த டீக்கடை பெஞ்சை மோதி நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் டீயோடு எழுந்து நின்று கைதட்டினார்கள். "எதுக்கு எல்லாரையும் இங்கயே கூட்டிட்டு வர்றாரு?" என்று அண்ணனே ஒரு நாள் யோசித்துவிட்டு, "மர நிழல் இருக்குல்ல" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். நூலக்காவும் மர நிழல்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். இல்லையென்றால் மனசு எங்கேயோ கோட்டை கட்டப் போய்விடும்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். மாஸ்டர் வருவது குழாய்க்காகவா, வேறு எதற்காகவாவதா? குழாய் நின்றுபோனால் அவரும் நின்றுபோவாரா? அவரும் மற்ற எல்லாரையும் போல ஒரு சாமானுக்காகப் படியேறினவர்தான் என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமலே இப்படி வாஷர் விற்றுக்கொண்டு கிழவியாகிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு பயம்.

ஒரு வாரம் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். மாஸ்டர் வழக்கம்போல "போட்டேங்க, நிக்கல" என்று ஆரம்பித்தபோது, கணக்கில் மூழ்கியிருந்த அண்ணன் திடீரென்று தலையைத் தூக்கினார்.

"பழசைக் கொண்டு வந்தீங்களா மாஸ்டர்?"

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"தொலைஞ்சு போச்சுங்க" என்றார் அவர்.

"நான் பாத்துட்டேன் அண்ணே" என்றாள் அவள்.

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தொலைஞ்சு போனதை எப்படிம்மா பாத்தே?"

"தொலையறதுக்கு முன்னாடி பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நூலக்கா விறுவிறுவென்று ஏணியில் ஏறி, மேல் தட்டில் ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ தேட ஆரம்பித்தாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி கணக்கில் விழுந்தார். நல்ல மனுஷர், ஒரு நேரத்தில் ஒரு விஷயத்துக்கு மேல் சந்தேகப்படத் தெரியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை மாஸ்டர் தனியாக வந்தார். கார் குதிக்கவில்லை. அவரும் மேஜை வரை வரவில்லை, படியிலேயே நின்றார்.

"எங்கக்கா குழாயடிப் பாசியில வழுக்கி விழுந்துட்டாங்க. பெரிய அடி இல்ல, ஆனா கோபம் பெருசு. திங்கக்கிழமை பிளம்பர் வர்றான். மொத்தக் குழாயையும் புடுங்கிட்டுப் புதுசு வைக்கப் போறான்." சட்டைப் பையைத் தடவினார். "இனிமே வாஷர் தேவைப்படாதுங்க. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு."

நூலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேவைப்படாதாமே. அவ்வளவுதானா? ஒரு பிளம்பர் வந்து ஒரு குழாயைப் பிடுங்கினால் எல்லாம் முடிந்ததா?

"பிளம்பர் எதுக்கு? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. நானே வந்து பாக்குறேன்" என்றாள்.

அண்ணனின் பேனா நின்றது. "ஏம்மா, நாம விக்கிறவங்க. மாட்டுறவங்க இல்ல."

"இந்த ஒரு தடவை மாட்டுறேன் அண்ணே. நான் கொடுத்த சாமான் நிக்கலைன்னா கடைக்குத்தானே கெட்ட பேரு?"

கடைப் பேர் என்றதும் அண்ணனின் பேனா மறுபடி ஓட ஆரம்பித்தது. வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள், கள்ளி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மூன்று புடவை மாற்றினாள். அண்ணி கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். "குழாய் மாட்டத்தானே போறே? குழாய்க்குக் கல்யாணம் மாதிரியில்ல கிளம்புறே?" என்றாள். நூலக்கா ஸ்பேனர், வெள்ளை டேப், கந்தல் துணி, மூன்று ரகத்தில் ஸ்பிண்டில் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பை கலகலவென்று சத்தம் போட்டது. இன்றைக்கு உண்மையான சாமானைப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். பாவம் அந்த அக்கா, இவள் ஆசைக்கு அவர் எலும்பு உடைய வேண்டுமா? குழாய் நிற்கட்டும். அப்புறம் மாஸ்டர் வராவிட்டால் வராமல் போகட்டும். போகட்டும் என்று நினைக்கும்போதே நடை மெதுவானது.

மாஸ்டர் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. நீலம் பூசிய சுவர், பக்கவாட்டில் சின்னத் தோட்டம், துணி காயும் கொடி. வாசலில் நாற்காலி போட்டு, ஒரு காலை ஸ்டூலில் நீட்டி, கட்டுப் போட்ட கணுக்காலோடு உட்கார்ந்திருந்தாள் மாஸ்டரின் அக்கா. அந்தத் தெருவுக்கே அவள் பெரியக்கா. குரலைக் கேட்டால் எதிர் வீட்டு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

"நீதான் அந்த வாஷர்காரியா? வா. சுவத்தோரமா வா, நடுவுல பாசி."

மாஸ்டர் துண்டும் கையுமாக அசடு வழிந்துகொண்டு நின்றார். நூலக்கா குழாய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சொட்டு, சொட்டு. கீழே பச்சைப் பாசி, அதன் நடுவில் ஒரு நசுங்கின வாளி. குழாயைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் சோம்பேறி. சுவரோடு சேர்த்துக் குழாய்க்கும் நீலம் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். கைப்பிடியின் உச்சியில் திருகாணியை மூடுகிற சின்ன மூடி மேல் நீலம். அதற்குக் கீழே, ஸ்பேனர் வைத்துக் கழற்ற வேண்டிய நட்டின் மேல் நீலம். நட்டும் குழாயும் சேருகிற இடுக்கில்கூடப் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல், ஒரு முடி அளவு விரிசல்கூட இல்லாமல், கெட்டியாக ஒட்டிக் கிடந்தது. இந்தச் சுவருக்கு வண்ணம் அடித்த நாளிலிருந்து இந்தக் குழாயை ஒருத்தரும் கழற்றியதில்லை. எந்த வாஷரும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

நூலக்காவின் காதெல்லாம் சூடேறியது. 'போட்டேங்க, நிக்கல.' போடவே இல்லையே ஐயா நீ! திறந்தே பார்க்கவில்லையே! அப்போது எதற்காக வாரா வாரம் வந்தாய்?

"கடைசியா எப்போ மாஸ்டர் கழட்டினீங்க?" என்று கேட்டாள்.

"போன... போன வாரம்."

"எந்த ஸ்பேனரால?"

மாஸ்டர் மென்று முழுங்கினார். "பெரிய ஸ்பேனருங்க."

"எந்தப் பெரிய ஸ்பேனர்?" பெரியக்கா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள். "இந்த வீட்டுல ஸ்பேனரே கிடையாதேடா!"

நூலக்காவுக்கு உலகமே லேசாகிவிட்டது. ஒரு பலூனைக் கட்டித் தூக்கினாற்போல இருந்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்துகொண்டே இருந்தது. அதை மறைக்கக் குனிந்து, மூடியைக் கிள்ளி எறிந்து, திருகாணியைக் கழற்றி, கைப்பிடியை உருவி, நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரே திருப்பு. பெயிண்ட் படக்கென்று உடைந்தது. இன்னொரு திருப்பு. இன்னும் ஒன்று.

கடையில் நிற்கிற ஒவ்வொரு ஆளிடமும், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அவள் சொல்லி அனுப்புகிற வாசகம் ஒன்று உண்டு: முதல்ல மெயின் வால்வை மூடுங்க, அப்புறம் குழாயில கை வைங்க. அதைச் சொல்லாமல் அவள் ஒரு ஸ்குரூவைக்கூட விற்றதில்லை.

மூடவில்லை. மறந்தே போய்விட்டாள்.

ஸ்பிண்டில் துப்பாக்கிக் குண்டு மாதிரி அவள் காதோரம் பறந்து போய்த் துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர், விரல் தடிமனில், சுவரிலிருந்து நேர் கோடாக. முதலில் நூலக்காவின் முகம், அடுத்து மூன்றாவதாகக் கட்டிய அந்தப் புடவை, அடுத்து ஓடி வந்த மாஸ்டர், அவர் மீசை, அவர் விசில். உள்ளங்கையால் அடைக்கப் பார்த்தாள். தண்ணீர் விசிறியாக விரிந்து பெரியக்காவின் மேல் போய் விழுந்தது.

"வால்வு எங்க இருக்கு?" நூலக்கா கத்தினாள்.

"எந்த வால்வு?" மாஸ்டர் கத்தினார்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிடா மடையா!" பெரியக்கா கத்தினாள். அவர் தொட்டிக்கு முன்னால் ஓடினார், வலப்பக்கம் ஓடினார், வழுக்கினார், எழுந்தார். "பின்னாடி! பின்னாடி! ஊருக்கெல்லாம் ரிவர்ஸ் சொல்லிக் குடுக்குறான், பின்னாடி எதுன்னு தெரியல!"

அந்த இரைச்சலில், முகமெல்லாம் தண்ணீர் அடிக்க, நூலக்கா சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வர. ஒரு கட்டத்தில் பெரியக்காவும் சிரித்துவிட்டாள். கட்டுக் காலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நனையுதே, நனையுதே" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வால்வு மூடி தண்ணீர் அடங்கியபோது மூன்று பேரும் ஊறப்போட்ட துணி மாதிரி இருந்தார்கள்.

நூலக்கா பையிலிருந்து சரியான ஸ்பிண்டிலை எடுத்து மாட்டினாள். கைக்குப் பழகின வேலை, சீக்கிரமே முடிந்தது. வால்வைத் திறக்கச் சொன்னாள். குழாயைத் திறந்து மூடினாள். மூன்று பேரும் குழாயின் வாயையே பார்த்தார்கள். ஒரு துளி திரண்டு நின்று, விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"இத்தனை நாளா நிக்காதது இப்போ எப்படிம்மா நின்னுச்சு?" என்றாள் பெரியக்கா.

"இந்தக் குழாய்ல வாஷரே கிடையாதுங்க. வேற சாமான். எனக்கு முதல் நாளே தெரியும்."

பெரியக்கா தம்பியைப் பார்த்தாள், நூலக்காவைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். "இரு, இரு. இவன் சங்கதி எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி போடுன்னா ஒரு வருஷம் இழுப்பான். நான் கத்துவேன்னு பயந்து வாஷரை வாங்கி வாங்கிக் காட்டிருக்கான், கழட்டச் சோம்பல். சரி. நீ எதுக்கும்மா தெரிஞ்சே வித்தே?"

மாஸ்டர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். நூலக்காவுக்குச் சுரீர் என்றது. சோம்பலா? வெறும் சோம்பல்தானா? மேலே மிதந்த பலூன் அப்படியே தரைக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் நனைந்திருந்தாள், சிரித்திருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இந்தக் கோலத்தில் மானத்தைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது?

"குழாய் சரியாயிட்டா உங்க தம்பி கடைக்கு வர மாட்டாரேன்னுதான்" என்றாள்.

சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட, சந்து முழுக்க ஈரத் தடம் பதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அண்ணி கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, "குழாயை மாட்டினியா, குழாய்க்குள்ள போயிட்டு வந்தியா?" என்றாள்.

அந்த வாரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிஷம் தலையிலடித்துக்கொள்வாள்: என்ன காரியம் பண்ணினேன், வெட்கம் கெட்டவளே! அடுத்த நிமிஷம் அந்தத் தண்ணீரும் அந்த ஓட்டமும் ஞாபகம் வந்து தனியாகச் சிரிப்பாள். சொன்னதற்காக வருத்தப்படப் பார்த்தாள், முடியவில்லை. பல வருஷமாக அடைத்து வைத்திருந்த ஒன்றைத் திறந்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஆனால் தெருவில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் நெஞ்சு திடுக்கென்றது. ஆறு நூல் வால்வு கேட்டவருக்கு நாலு நூல் எடுத்துக் கொடுத்தாள். கடை சரித்திரத்திலேயே முதல் முறை. குழாய் வேலைக்காரர்கள் பயந்துபோய், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அண்ணனிடம் ரகசியமாக விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. ஊற்றிக்கொண்டு, அவர் வராமல் போனால் தாங்காது.

சனிக்கிழமை கடை திறந்தார்கள். கூட்டம் வந்தது, போனது. வெயில் ஏறியது. மர நிழல் சுருங்கி வேரடிக்கு வந்துவிட்டது. அண்ணன் மூன்றாவது முறையாகத் தராசைத் துடைத்தார். நூலக்கா ஏணியின் மேல் உட்கார்ந்து, எண்ணி வைத்த போல்ட்டுகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். இனி வர மாட்டார் என்று முடிவு கட்டி, அந்த முடிவையும் நம்பாமல் இருந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. துளி குதிக்கவில்லை. கதவு திறந்து மூடும் சத்தம். மாஸ்டர் படியேறி வந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை, ஆனால் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார்.

அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். "வாங்க மாஸ்டர். குழாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ஒரு சொட்டுகூட இல்ல."

"பின்ன வேற ஏதாவது ரிப்பேரா?"

"இல்லைங்க. வீட்டுல எல்லாம் நல்லா இருக்கு."

"அப்போ என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க." மாஸ்டர் கனைத்துக்கொண்டார். "அன்னைக்கு எங்கக்கா சொன்னாங்களே, சோம்பல்னு. அது இல்லைங்க. கழட்டினா சரியாயிடுமோன்னு பயந்துதான் கழட்டல. அங்கயே சொல்லியிருக்கணும், வாய் வரல. இன்னைக்கு நான் எதுவும் வாங்க வரல."

அண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஹார்டுவேர் கடைக்கு ஒரு ஆள் வேலை மெனக்கெட்டு வந்து, ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. பேய் முழி முழித்தார். "என்னம்மா இது? இவரு எதுக்கு வந்திருக்காரு?" என்று ஏணியைப் பார்த்துக் கேட்டார்.

நூலக்கா இறங்கி வந்திருந்தாள். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது, ஆனால் வாய் காது வரை சிரித்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

"எனக்காக வந்திருக்கார்ண்ணே" என்றாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, கணக்கு நோட்டை ஓரமாகத் தள்ளினார்.

"அப்போ ஏம்மா மனுஷனை நிக்க வச்சிருக்கே? உள்ள வந்து உக்காரச் சொல்லு" என்றார்.